மூணாறு குளிரில் வேர்க்காத வேன்

வேனைப் படுக்கை வண்டியாக மாற்றப் போகிறேன் என்றதும் பாளையங்கோட்டையில் எல்லோரும் கேட்டது ஏ.சி. பற்றித்தான். சித்திரை வெயிலில் வண்ணார்பேட்டையில் அரை மணி நேரம் வண்டியை நிறுத்திப் பார்த்தவர்கள் வேறென்ன கேட்பார்கள்? ஆனால் நான் போக நினைத்தது மார்கழி, தை மாதத்து மூணாறும் வட்டவடையும். இடுக்கி மாவட்டத்து மலையில் இரவிகுளம், ஆனைமுடிச் சோலை, பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை என்று நான்கு தேசியப் பூங்காக்கள் கிட்டத்தட்ட அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றை அவசரமில்லாமல், நம் படுக்கையிலேயே தூங்கி எழுந்து பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. குளிரை எப்படியும் கம்பளி வைத்துச் சமாளித்துவிடலாம். வண்டிக்குள் ஊறும் ஈரத்தைத்தான் சமாளிக்க முடியாது. போன மார்கழியில் அதனால் பாதியில் திரும்பினோம். இந்த மார்கழியில் அது தீர்ந்துவிட்டதால், என்ன செய்தேன் என்று வரிசையாக எழுதிவைக்கிறேன்.

வண்டி பழைய டெம்போ டிராவலர், 12 சீட். ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் உள்நீளம் 10 அடி, அகலம் ஐந்தே முக்கால் அடி. சீட்டுகளைக் கழற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, சீட் எண்ணிக்கை மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றிக்கொண்டேன். இதைத் தள்ளிப் போட வேண்டாம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் புரட்டுவது அந்தப் புத்தகத்தைத்தான். பாடியில் எங்கும் வெட்டவில்லை. கட்டிலும் அலமாரியும் பழைய சீட் போல்ட் துளைகளிலேயே மாட்டியிருக்கின்றன.

போன மார்கழிக்கு முன் முதலில் செய்த வேலை இது. சீட்டும் பழைய ரெக்சின் உறையும் போனதும் கூரை, பக்கச் சுவர் முழுக்க வெள்ளிநிறக் குமிழி ஷீட்டை நேரே தகரத்தின் மேல் ஒட்டினேன். அதன் மேல் 4 மி.மீ. பிளைவுட். பாடியின் விலா எலும்பாக ஓடும் இரும்புச் சட்டங்களை அப்படியே விட்டேன், பிளைவுட்டை அவற்றில்தானே திருக வேண்டும் என்று. குளிர் வராமலிருக்க ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றிலும் ரப்பர் பீடிங் அடித்தேன். ஷீட்டுக்கு மட்டும் ரூ. 3,200 ஆனது.

தேவிகுளம் பக்கம் முதல் இரவு விடியும்போது கூரை பிளைவுட்டில் சட்டம் ஓடும் இடமெல்லாம் கறுப்புக் கோடு போட்டது போல ஈரம். திருகுத் தலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மெத்தையைத் தூக்கினால் அடிப்பலகை ஈரத்துணி போலக் கைக்குப் பட்டது. ஈரப்பதமானி 95-ஐத் தாண்டி நின்றது. மறுநாள் வெயிலில் எல்லாவற்றையும் காயப்போட்டோம். இரவு அதே கதை. மகளுக்கு இருமல் பிடித்துக்கொள்ள, இரவிகுளம் வாசலைக்கூடப் பார்க்காமல் இறங்கிவிட்டோம்.

தச்சநல்லூரில் ஒரு டிங்கர் இருக்கிறார். ஐஸ் வண்டிகளுக்குப் பெட்டி கட்டுகிறவர். வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியதும் பிளைவுட்டில் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, மனுசன் விடுத மூச்சு வெளிய போவ ஒரு வழியும் வைக்கலியே நீங்க. தகரம் வேர்க்கத்தான செய்யும்.” அப்புறம் சட்டத்தைக் காட்டி, “இந்தக் கம்பிய மூடாம மத்ததெல்லாம் மூடி என்ன பிரயோசனம்?” என்றார். அந்த இரண்டு கேள்விதான் மொத்த வேலையும்.

கணக்கும் அதையே சொல்கிறது. தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக ஓர் இரவில் கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை தண்ணீரைக் காற்றில் விடுகிறார். வண்டிக்குள் 10 டிகிரி, ஈரப்பதம் 78 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 6 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பரப்பு எதுவோ, அதில்தான் நீர் படியும். வெளியே 4 டிகிரி என்றால் தகரமும் சட்டமும் அந்த 4 டிகிரியில்தான் இருக்கும். ஆக, உள்காற்று தகரத்தைத் தொடக்கூடாது, மூச்சுக்காற்று வெளியேற வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பலன் இல்லை.

பிளைவுட்டை எல்லாம் பிரித்தேன். குமிழி ஷீட்டைச் சுரண்டி எடுப்பதுதான் இந்த வேலையிலேயே மோசமான பகுதி. பசை தகரத்தோடு ஒட்டிக்கொண்டு நூல் நூலாக வந்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணியும் பட்டிபோடும் தகடும் வைத்துத்தான் சுத்தம் செய்தேன். துருப்பிடித்த இடங்களில் உப்புத்தாள் போட்டு ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட்டேன்.

அதன் மேல் ஏ.சி. குழாய்க்கும் டக்டுக்கும் சுற்றுகிற கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட், 19 மி.மீ. கனம். குமிழி ஷீட்டைவிட விலை கூடுதல்தான். ஆனால் அதன் நுண்ணறைகள் மூடியவை, நீராவி ஊடுருவாது. கூரையும் சுவரும் சேர்த்து 14 சதுர மீட்டர் ஆனது. சதுர மீட்டர் ரூ. 520 வீதம் ரூ. 7,300-க்குச் சற்றுக் குறைவு. ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்.ஆர். 998, 5 லிட்டர், ரூ. 2,300. தகரத்திலும் ஷீட்டிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். கூரைக்கு இரண்டு பேர் வேண்டும். மைத்துனரை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போனேன். கதவு எல்லாம் திறந்து, ஃபேன் போட்டு, முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். அந்தப் பசையின் ஆவி தலையைச் சுற்றவைக்கும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் ஆகாது.

சட்டங்களுக்கு அதே ஷீட்டை 4 அங்குலப் பட்டையாக வெட்டி மூன்று பக்கமும் சுற்றி ஒட்டினேன். பிளைவுட்டைத் திருக இடம் வேண்டுமே? சட்டத்தின் மேல் ஒட்டிய ரப்பருக்கு மேலே முக்கால் அங்குலத் தேக்குச் சட்டம் வைத்து, ஓர் அடிக்கு ஒரு நீளத் திருகால் இரும்பில் பிடித்தேன். பிளைவுட் அந்தத் தேக்கில் மட்டும் திருகியிருக்கிறது, எந்தத் திருகும் உள்பக்கத்திலிருந்து நேரே இரும்புக்குப் போகவில்லை. நீளத் திருகுகளின் தலையைக் குழிவாக இறக்கி மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிட்டேன். இதற்காக இரண்டு பக்கமும் சேர்த்து உள் அகலத்தில் மூன்று அங்குலம் போனது. அதனால்தான் கட்டிலைக் குறுக்கே போடாமல் நீளவாக்கில், ஆறே கால் அடிக்கு நாலடியாகப் போட்டேன்.

ஜன்னல்தான் பெரிய ஓட்டை. டிராவலரில் பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஒவ்வொரு ஜன்னலுக்கும் பழைய செய்தித்தாளை ஒட்டி விளிம்பை விரலால் அழுத்திப் படி எடுத்தேன். அந்தப் படியைவிட ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. கூட்டி 12 மி.மீ. ஃபோம் ஷீட்டை வெட்டினேன். டவுனில் ஒரு தையல் கடையில் சாம்பல்நிற உறை தைத்துக் கொடுத்தார்கள். எல்லாமாக ரூ. 2,600. அந்த 5 மி.மீ. கூடுதல் இருப்பதால் பலகை சட்டத்துக்குள் இறுகி நிற்கிறது, ஒட்டுப்பட்டை எதுவும் தேவைப்படவில்லை. சரியான அளவில் வெட்டிய ஒன்று மட்டும் ஹேர்பின் வளைவில் கழன்று விழுந்தது. பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவே காலையில் லேசான பனிப்படலம் இருக்கும். துணியால் ஒரு வழி வழித்தால் போதும்.

காற்றுக்கு: கூரையில் ஏற்கெனவே இருந்த திறப்பு மூடியின் கீழே 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு, 12 வோல்ட், வெளியே இழுக்கும்படி. சேர்த்து ரூ. 700. இரண்டும் சேர்ந்து 6 வாட்கூட எடுப்பதில்லை, சத்தமும் இல்லை. காற்று உள்ளே வர, பின்கதவு ஜன்னலைக் கட்டைவிரல் அகலத்துக்குத் திறந்து கம்பிவலை வைத்தேன். கூரையிலும் பின்னாலும் எதிரெதிர் முனையில் இருப்பதால் காற்று படுக்கையைக் கடந்துதான் போக வேண்டும். குளிரில் வேண்டுமென்றே ஜன்னலைத் திறந்துவைப்பதா என்று வீட்டில் சண்டையே வந்தது. உள்ளே இரண்டு, மூன்று டிகிரி குறைகிறது, உண்மைதான். காய்ந்த 10 டிகிரியில் நன்றாகத் தூங்கலாம். நனைந்த 13 டிகிரியில் எலும்பு வரை நடுங்கும்.

கட்டில் சட்டம் ஓரங்குலச் சதுரக் குழாய், மேலே 12 மி.மீ. மெரைன் பிளைவுட். அதில் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக ஒன்றரை அங்குலத் துளைகள், வட்டமாக அறுக்கும் ஹோல்சாவால் போட்டேன். பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே என்ன போடுவது என்பதில்தான் நம்ம ஊர் கைகொடுத்தது. பத்தமடைக்குப் போய், கல்யாணப் பட்டுப்பாய் இல்லை, வீட்டில் புழங்குகிற தடித்த கோரைப்பாய் இரண்டு வாங்கி வந்தேன். ரூ. 900. கோரைத் தண்டுகள் ஒன்றையொன்று தொடும் இடங்களுக்கு நடுவே காற்று ஓடும். ஒரு பாயை நீளவாக்கிலும் இன்னொன்றைக் குறுக்கிலும் போட்டேன். மெத்தையின் அடிப்பக்கம் விடியற்காலையில்கூடக் காய்ந்தே இருக்கிறது. இதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் வலை மெத்தை ரூ. 6,000 சொன்னார்கள்.

மின்சாரத்துக்கு 100 ஏ.ஹெச். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, ரூ. 31,000. இன்ஜின் ஓடும்போது அதை ஏற்ற ஒரு டி.சி. சார்ஜர், 600 வாட் இன்வெர்ட்டர், ஃபியூஸ், ஒயரிங். இந்த வகைப் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழான குளிரில் சார்ஜ் செய்யக்கூடாது, செல் பழுதாகும். அதனால் வெளிப்பெட்டியில் வைக்காமல் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன். இதில் இருப்பது 1,280 வாட் மணி. ஆயிரம் வாட் ரூம் ஹீட்டரை இதில் ஓட்டலாமா என்று பலர் கேட்டார்கள். 600 வாட் இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. தாங்கினாலும் ஒரு மணி நேரம் சொச்சத்தில் பேட்டரி முடிந்துவிடும். அதற்குப் பதிலாக மெத்தைக்கு மேல் விரிக்கும் மின்கம்பளி, 100 வாட். படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஓட்டி அணைத்துவிட்டால் போர்வைக்குள் சூடு நிற்கும். ஃபேன், விளக்கு, செல்போன் எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு 250 வாட் மணிக்குள் அடங்குகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குளிர் காய்வதற்காக மூடிய வண்டிக்குள் கரி அடுப்போ கேஸ் அடுப்போ எரியவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். அதற்கான அலாரம் ரூ. 1,900. கட்டில் தலைமாட்டில் மாட்டியிருக்கிறேன். மற்ற எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம், இதைக் குறைக்கக் கூடாது.

சமையல் கதவுக்கு வெளியே, தார்ப்பாய்க்குக் கீழே. 5 கிலோ சிலிண்டர். குளிரில் காலை காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் தீ நாக்கு சோர்ந்து போகிறது. நம் ஊர் சமையல் எரிவாயுவில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கின்றன. பியூட்டேன் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் வாயுவாக மாறச் சுணங்கும். சிலிண்டரை ஒரு பிளாஸ்டிக் டப்பில் கைபொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் தீ நிமிர்ந்துவிடும். கொதிநீர் கூடாது. பயணத்தில் சிலிண்டர் வைக்கும் பெட்டிக்கு அடியில் துளை அவசியம். இந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் போகாதீர்கள்.

வழி: சங்கரன்கோவில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், உசிலம்பட்டி, தேனி, போடி. போடி வரை வண்டிக்கு வேலையே இல்லை. முந்தலைத் தாண்டியதும் ஏற்றம். கட்டில், பேட்டரி, தண்ணீர் கேன் என்று எடை கூடியிருப்பதால் புறப்படுவதற்கு முன் பிரேக் ஷூவும் பிரேக் ஆயிலும் மாற்றிவிட்டேன். இறக்கத்தில் இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை, பிரேக்கை மிதித்தே வைத்திருக்காமல் விட்டுவிட்டு அழுத்தினேன்.

பூப்பாறை, சின்னக்கானல் பக்கம் இருட்டியபின் சாலையோரம் வண்டியைப் போட வேண்டாம். அது யானைகளின் இடம். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, பெரியாறு காட்டில் விடப்பட்டு, கம்பம் பக்கம் இறங்கி, ஜூனில் மறுபடி பிடிக்கப்பட்டு, கடைசியில் நம் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பாதையில் ஓட்டும்போது, அதை அதன் ஊரிலிருந்து நம் ஊருக்கு லாரியில் ஏற்றி வந்த தூரம் நெஞ்சை அழுத்தியது.

தேசியப் பூங்காக்களுக்குள் நம் வண்டியை நிறுத்தி இரவில் தங்க முடியாது, கேட்கவும் வேண்டாம். இரவிகுளத்தில் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் ராஜமலைக்கு ஏற வேண்டும். 97 சதுர கிலோமீட்டர் புல்வெளியும் சோலையும், தலைக்கு மேலே 2,695 மீட்டர் ஆனைமுடி. வரையாடுகள் சாலைச் சுவரில் ஏறி நின்று நம்மைப் பார்க்கின்றன. பாம்பாடும் சோலை வழியாக வட்டவடைக்குப் பகலிலேயே கடந்துவிட வேண்டும். சோலைக்குள் நண்பகலிலும் ஹெட்லைட் தேவைப்பட்டது.

வட்டவடையில் பூண்டும் கேரட்டும் போடும் ஒரு வீட்டுத் தோட்டத்தில், இரவுக்கு ரூ. 500 கொடுத்து வண்டியை நிறுத்தினோம். அங்கே தமிழ்தான் பேச்சு. ஓடைப் பக்கம் சமதளமாக இருந்த இடத்தில் நிறுத்தப் போனேன். வீட்டுக்காரப் பெரியவர் கைகாட்டித் தடுத்தார். “பள்ளத்துல போடாதீங்க தம்பி, பனி பூராவும் அங்கதான் எறங்கும். மேட்டுல போடுங்க.” குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். விடியற்காலை ஐந்தரைக்கு மேட்டில் வண்டிக்கு வெளியே 4 டிகிரி. தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கிப் பார்த்தேன், ஒன்றரை. புல் வெள்ளையாக இருந்தது. வண்டிக்கு உள்ளே 10 டிகிரி, ஈரப்பதம் 78. கூரையை முழுக்கத் தடவிப் பார்த்தேன், திருகு இருந்த இடங்களையும். ஈரம் இல்லை.

மொத்தச் செலவு ஒரு லட்சத்து மூவாயிரம், தச்சுக் கூலி ரூ. 14,000-ம் சேர்த்து. இதில் பாதிக்கு மேல் பேட்டரி வகைக்கே போனது. ஈரத்தைத் தீர்த்த ரப்பர் ஷீட், பசை, ஃபேன், ஜன்னல் பலகை நான்குக்கும் ஆனது ரூ. 13,000-க்குள். பணம் கையில் குறைவாக இருந்தால் அந்த நான்கை முதலில் செய்துவிட்டு, வெளிச்சத்துக்கு ஒரு டார்ச்சோடு புறப்பட்டுவிடலாம். பேட்டரி அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னும் முடியாதது முன்பக்கம். டிராவலரில் ஓட்டுநருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே இருக்கும் இன்ஜின் மூடி பகலில் அனலாகக் கொதிக்கிறது, இரவில் அதே இடம்தான் குளிர் ஏறும் வழி. முன்பக்கத்தையும் படுக்கையையும் பிரிக்க ஒரு ஜமுக்காளத்தைத் திரையாகத் தொங்கவிட்டேன், அதன் அடியில் காற்று புகுந்துவிடுகிறது. திரைக்குக் கீழே கனமான சங்கிலி கோத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். இன்ஜின் மூடிக்கு மிச்சமிருக்கும் ரப்பர் ஷீட் ஆகாது, அந்தச் சூட்டில் இளகும். சூடு தாங்கும் கல்பஞ்சான ராக்வுல்லை அலுமினியத் துணியில் வைத்துத் தைத்த மெத்தைதான் சரி என்று தச்சநல்லூர் அண்ணாச்சி சொல்கிறார், அளவெடுத்துக் கொடுத்தாயிற்று. தரையையும் விட்டுவிட்டேன். பழைய பிளைவுட்டின் மேல் வினைல் மட்டும் இருப்பதால் காலில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. வரையாடு குட்டிபோடும் காலத்துக்காக மூடும் இரவிகுளம் ஏப்ரலில் திறப்பதற்குள், தரைக்கு 10 மி.மீ. ஷீட் போட்டுவிட வேண்டும்.